வாயில் நல்லெண்ணெய் இருந்த கால் மணி நேரம்

எண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றி நான் உபதேசம் செய்யாத ஆள் எங்கள் கடையில் கிடையாது. கடை என்றால் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதில் பட்டுச் சேலைப் பிரிவில் விற்பனையாளன் நான். பில் போடுகிற பெண்ணில் ஆரம்பித்து லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் செக்யூரிட்டி வரைக்கும் ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. "வெறும் வயித்துல ஒரு கரண்டி நல்லெண்ணெய். கால் மணி நேரம் வாயில வெச்சுக் கொப்பளிக்கணும். எனக்கு என்ன வயசிருக்கும் சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்பேன். மரியாதைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். உடனே பல்லெல்லாம் தெரியச் சிரித்து, எல்லாம் சொந்தப் பல் என்று வேறு சொல்லிக்கொள்வேன். அதில் எது எது ஆட ஆரம்பித்திருந்தது என்பது அப்போது எனக்கே தெரியாது.

இந்த ஞானம் எனக்குப் போனில் வந்த ஒரு வீடியோவில் கிடைத்தது. உடம்பில் இருக்கிற கெட்டதையெல்லாம் எண்ணெய் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்றார்கள். மறுநாளே சோதித்துப் பார்த்தேன். வாயில் விட்டபோது பொன்னிறமாக இருந்த எண்ணெய், துப்பும்போது வெள்ளை வெளேரென்று பாலாகி வந்தது. அடேங்கப்பா, இவ்வளவு அழுக்கையா உள்ளே வைத்துக்கொண்டு நடமாடினேன் என்று ஒரே பரவசம். வாஷ் பேசினுக்கு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கருமம், மொதல்ல தண்ணிய ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விஷயம் தெரியாதவள் என்று மன்னித்துவிட்டேன்.

ஆனால் அந்த எண்ணெயால் உண்மையில் பலன் அடைந்தவள் அவள்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவேன். கடையில் பேசித்தான் சம்பளம். வேண்டாம் என்று எழுந்துவிட்ட அம்மாவை "எடுக்க வேணாம்மா, சும்மா பாருங்க" என்று மறுபடி உட்கார வைப்பது என் வாய்தான். அந்த வாய் வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா? மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து காலையில் கிளம்பினால் இரவு நான் திரும்பும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். மகன் பெங்களூரில். ஆக, நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்து உட்காருவது காலையில்தான். அந்த நேரத்தையும் நானே எடுத்துக்கொள்வேன். முந்தின நாள் எந்த அம்மா எப்படி பேரம் பேசினாள், நான் எப்படி மடக்கினேன், முதலாளி தூரத்திலிருந்து எப்படிப் பார்த்தார், எல்லாம் வரும். நடுவில் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மிச்சத்தை நான் முடித்துவைப்பேன், பெரும்பாலும் தப்பாக.

வாயில் எண்ணெய் ஊற்றிய பிறகு இதெல்லாம் நின்றது. முழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது, பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில நாட்களிலேயே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். காய் நறுக்குகிற தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் எங்கள் வீட்டுச் சட்டங்கள் எல்லாம் நிறைவேறின. பழைய மிக்ஸியை எக்ஸ்சேஞ்சில் போட்டாள். என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்ன செய்வது என்பதை முடிவு செய்தாள். "மெட்ரோ வேலை முடியிற வரைக்கும் வண்டிய அந்தத் தெருவுல எடுக்காதீங்க, பஸ்ல போங்க" என்றாள். நான் "ம்ம்" என்பேன். என்னிடம் இரண்டு விதமான "ம்ம்" உண்டு. ஒன்று சம்மதம், இன்னொன்று கடும் ஆட்சேபம். அவள் இரண்டையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் துப்பிவிட்டு வாதாட ஓடி வந்தால், அதற்குள் சமையலறையில் புது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

முடிவுகள் மட்டும் என்று இல்லை. என்னென்னவோ சொல்வாள். கனவு சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை ஊரூர் குப்பத்துப் பக்கம் மீன் வாங்கப் போனபோது சங்கரா விற்கிற அம்மா சொன்ன குடும்பக் கதையைச் சொல்வாள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது என்பாள், அப்புறம் அது காபியாலதான் இருக்கும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். பேசிக்கொண்டே அவரைக்காயில் நார் உரிப்பாள். பேச்சு முடிகிற நேரமும் நான் துப்பப் போகிற நேரமும் அனேகமாக ஒன்றாக இருக்கும். ஏதோ பேசுகிறாளே, பொழுது போகிறதே என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். பிரஷ்ஷில் ரத்தம் வர ஆரம்பித்து வெகு நாளாயிற்று. அதற்கு நான் கண்ட வைத்தியம், ரத்தம் வருகிற பக்கம் தேய்க்காமல் விட்டுவிடுவது. புண்ணைப் போய் யாராவது சுரண்டுவார்களா? ரத்தம் வராத பக்கத்தைப் பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் தேய்த்துக் கணக்கை நேர் செய்துவிடுவேன். பல் இடுக்கில் மீன் முள்ளோ நாரோ மாட்டினால் கடையில் சேலைக்குக் குத்துகிற குண்டூசி இருக்கவே இருக்கிறது. பல் டாக்டரிடம் மட்டும் போக மாட்டேன். கிளீனிங் என்று மெஷினைப் போட்டுப் பல்லை ஆட்டிவிடுவார்கள், ஒரு தடவை உள்ளே போனால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும் என்று நான் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், போகக் கிளம்பிய இரண்டு பேரைத் தடுத்தும் இருக்கிறேன்.

முகூர்த்த சீசனில் ஒரு நாள் கல்யாணக் கூட்டம் அலைமோதுகிறது. விலைச் சீட்டு நூலை வழக்கம்போலப் பல்லால் கடித்து இழுத்தேன். நூல் வந்தது. கூடவே கீழ்வரிசை முன்பல் இரண்டும் முன்னால் வந்து திரும்பப் போய் உட்கார்ந்தன. எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. அன்று முழுக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினேன்.

என் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்து சேலை விரிப்பவர் ராயப்பேட்டைக்காரர், என் வயதுதான், நீண்ட நாள் சிநேகம். சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, கஸ்டமராண்ட பேசசொல்ல வாயப் பொத்திகினு கீற?"

"பல்லு ஆடுதுப்பா. முன்பல்லு."

"எண்ண கொப்ளிச்சினுதான இருந்த? எங்களயெல்லாம் உசுர வாங்கினியே!"

"அதான் எனக்கும் புரியல."

"புரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற? போயி டாக்டராண்ட காட்டு. பல்லு போச்சுனா உன்ன குடோனுக்குத் தள்ளிருவாங்கோ."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் முன்பல் போன ஒருவரை முதலாளி "கொஞ்ச நாள் குடோனைப் பார்த்துக்குங்க" என்று பட்டிலிருந்து மாற்றியதும், அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஜன்னல் இல்லாத குடோனில், அட்டைப்பெட்டிகளோடு நான் என்ன பேசுவேன்? அன்று இரவே மனைவியை எழுப்பிச் சொன்னேன். மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு போனாள்.

மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட தெருவில் தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய ஒரு சின்ன கிளினிக். கீழே மெடிக்கல் ஷாப், மேலே டாக்டர். எங்கள் மகன் வயதுகூட இருக்காத பெண். நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கம்பி ஒன்றை உள்ளே விட்ட பிறகுதான் கேள்வியே கேட்க ஆரம்பித்தாள்.

"நைட் பிரஷ் பண்றீங்களா அங்கிள்?"

"கெடையாது" என்றாள் என் மனைவி.

"ரத்தம் வருமா?"

"வரும். வர்ற எடத்த தேய்க்காம வுட்ருவாரு."

"குச்சி ஏதாவது வெச்சுக் குத்துவீங்களா?"

"குண்டூசி."

டாக்டர் கம்பியை எடுத்துவிட்டு என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். மனைவி மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனையும் எப்போது கவனித்தாள் இவள்?

பிறகு போனில் என் வாயைப் படம் பிடித்துக் காட்டினாள் அந்தப் பெண். கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மஞ்சளும் கறுப்புமாக ஒரு மதில் சுவர். "இதெல்லாம் காரை அங்கிள். அழுக்கு அப்படியே கல்லாயிடுச்சு. அது ஈறக் கீழ தள்ளிடுச்சு, உள்ள எலும்பும் கொஞ்சம் கரைஞ்சிருக்கு. அதான் ஆடுது." என் பல் என்று இத்தனை நாள் நான் பெருமை பேசியதில் பாதி, பல்லே இல்லை. நாக்குக் குழறி எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். வெள்ளையாக வருவதையும் சொன்னேன். "எந்த எண்ணெயையும் எச்சிலோட சேர்த்துக் கலக்கினா வெள்ளையாதான் வரும் அங்கிள். எண்ணெய் கொப்பளிக்கிறது தப்பில்ல, பண்ணுங்க. ஆனா அது பிரஷ்ஷோட வேலையப் பண்ணாது. ரத்தம் வர்ற எடத்துலதான் பிரஷ் முக்கியமாப் போகணும், மெதுவா." காரையை எடுத்துவிட்டு மூன்று மாதம் பார்க்கலாம், ஈறு இறுகினால் பல் நிற்கும், இல்லையென்றால் இரண்டையும் எடுக்க வேண்டியதுதான் என்றாள்.

இரண்டு மூன்று தடவை வரச் சொல்லிக் காரையை எடுத்தாள். கடைசி நாள் வாய் கொப்பளித்துவிட்டு நாக்கால் தடவினால், பல்லுக்குப் பல் இடைவெளி! காற்று போய் வருகிறது! "பாத்தியா, நான் சொல்லல, கிளீன் பண்ணி ஆட்டிவிட்டாங்க" என்று மனைவியிடம் சீறினேன். இடைவெளி எப்போதோ விழுந்துவிட்டது, இத்தனை நாள் அதைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்களும் ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்றாள். "எனக்கும் வலது பக்கம் கடவாயில கொஞ்ச நாளா..." என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குள் எனக்கு ஒரு முக்கியமான சந்தேகம் வந்துவிட்டது. இந்த இடைவெளி வெளியே பார்ப்பவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பேச்சு என் இடைவெளியோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எண்ணெய்க்கு முழுக்குப் போட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லி மானம் போனதில் அந்த எண்ணெய் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். பால்கனியில் இருந்த பாட்டிலைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தேன்.

"டாக்டரு எண்ணெய வேணாம்னு சொல்லலியே" என்றாள் மனைவி.

"வேலைக்கு ஆகாதுன்னு சொன்னாங்கல்ல?"

"தப்பில்ல, பண்ணுங்கன்னும் சொன்னாங்க. காலையில சும்மா கொஞ்ச நேரம் வெச்சிருந்தா என்ன? நல்லெண்ணெய் உடம்புக்குக் குளிர்ச்சிதான?"

ஆரம்பத்தில் கருமம் என்றவள் இப்போது எண்ணெய்க்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. எண்ணெய் எப்படி வெளுக்கிறது என்று டாக்டர் சொன்னதை அவளுக்கு ஒரு தடவை முழுதாக விளக்கினேன். அந்தக் கால் மணி நேரம் போனால் அவளுக்கு என்ன போகும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

புது மதத்துக்கு மாறியவன் வேகம் எனக்கு வந்தது. மெத்தென்ற பிரஷ், காலையிலும் இரவிலும். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாக. இடுக்குக்கு என்று ஒரு குட்டி பிரஷ், பால் புட்டி கழுவுகிற பிரஷ் குட்டி போட்ட மாதிரி இருக்கும், அதை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டு எடுக்க வேண்டும். கடையில் பழைய ஆட்களை எல்லாம் மறுபடி பிடித்து எண்ணெயை விடச் சொல்லி, இந்தக் குட்டி பிரஷ்ஷைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "மொதல்ல அத வுட்டான், இப்ப இத புட்சிகினான்" என்று ராயப்பேட்டைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இதெல்லாம் பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நடக்கும். சீக்கிரம் முடிந்தும் விடும். வெளியே வந்தால் வாய் சுத்தம், காலி, பேசத் தயார். காபியைக் கையில் எடுத்தால் ஈறுதான் பேச்சு. நேற்று ரத்தம் எவ்வளவு குறைந்தது, இன்று எந்தப் பல் எவ்வளவு அசைந்தது, எல்லாம் அவளுக்கு அறிக்கை. முதலில் கொஞ்ச நாள் காய்த் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றிரண்டு தடவை "ஏங்க, எனக்கு..." என்று வாயெடுத்தாள். "இரு, இத முடிச்சுடறேன்" என்றேன். பிறகு தட்டைச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டாள். வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரம் சாப்பாடு மாறிப்போனது. சாதம் குழைவாக வந்தது. பொரியல் போய்க் கூட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வறுவல் இல்லை, குழம்பு மட்டும், அதிலும் முள் இல்லாத மீன். என் ஈறுக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாளே என்று எனக்கு மனசே இளகிவிட்டது. "எங்க வீட்டம்மா மாதிரி வராதுப்பா" என்று கடையில் சொல்லிக் கண் கலங்கினேன். அந்த வாரம்தான் ஒரு காலையில் அவள் முகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் தெரிந்தது. பாராட்டத் தெரிந்தவன் அல்லவா நான்? "முகம் தெளிஞ்சு அழகா இருக்கே" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, கடைக்குப் போகிற வழியில் டாக்டரிடம் தனியாகப் போனேன். கம்பியால் தட்டினாள், பல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். "சூப்பர் அங்கிள். ஈறு நல்லா இறுகியிருக்கு. இப்படியே பார்த்துக்கிட்டா பல்லு நிக்கும்" என்றாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. குடோனாவது, அட்டைப்பெட்டியாவது! முதலாளிக்கு எதிரில் போய் நின்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: "ஆன்ட்டி எப்படி இருக்காங்க? பல் எடுத்த இடம் நல்லா ஆறிடுச்சா?"

முப்பது வருஷம் சேலை விற்றவன். இல்லாத கலரைக்கூட இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தேடுவேன். முகம் மாறாமல் "ஓ, நல்லா இருக்காங்க" என்றேன்.

"பாவம், ரொம்ப வலியில வந்தாங்க. கடவாய்ப்பல்லு, உள்ள வேர் வரைக்கும் போயிடுச்சு, கன்னமெல்லாம் வீங்கியிருந்தது. காப்பாத்த முடியல. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா வேர் சிகிச்சை பண்ணி வெச்சிருக்கலாம்."

"ஆமா, நானும் சொன்னேன்" என்றேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் எப்படிப் பேச முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

படியிறங்கித் தகரத் தடுப்பு ஓரமாக நின்றேன். குழைந்த சாதம், முள் இல்லாத மீன், தெளிந்த முகம். எனக்குக் காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. பஸ்ஸுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைக்குப் போகாமல் வந்து நிற்கிறேன் என்றதும், "என்ன, பல்ல எடுத்துட்டாங்களா?" என்று பதறி எழுந்தாள். என் பல்லுக்காகப் பதறினாள்.

"உன் பல்ல எடுத்தாங்களாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?" கேட்டது நான்தான், அதுவும் கோபமாக. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் லீவு போட்டிருப்பேன், டாக்டர்கிட்ட நானே பேசியிருப்பேன், மொதல்லயே..."

"பாருங்க, ஆரம்பிச்சுட்டீங்க" என்றாள்.

நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வாயில் எண்ணெய் இல்லாமல் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளும் மறுபடி உட்கார்ந்து கீரையை எடுத்தாள். ஒரு கைப்பிடி கீரை ஆய்ந்து முடித்தாள். நான் நிஜமாகவே வாயைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"ராத்திரியெல்லாம் தூங்கல. நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க. காலையில சொல்லலாம்னு பாத்தேன், நீங்க ஈறப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. நீங்க கெளம்பினதும் நானே போயிட்டேன். ஊசி போட்டுட்டு, கூட யாரு வந்திருக்கா, கூப்பிடுங்கன்னுச்சு அந்தப் பொண்ணு. யாருமில்லன்னேன். அங்கிளுக்கு ஒரு போன் போடுங்க ஆன்ட்டின்னுச்சு. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. போனக் கையில எடுத்தேன்."

கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"அப்புறம் நெனச்சேன், கூப்பிட்டா நீங்கதான பேசுவீங்க. எடுத்த போனப் பைக்குள்ளயே வெச்சுட்டேன்."